ஓடாத கோச்சி

"தண்டவாளத்த ஸ்பிரிட் போட்டுத் தொடச்சீங்களாப்பா?"

"தொடச்சாச்சு."

"எஞ்சின் சக்கரத்த?"

"அதுவுந்தான். முப்பது வருசம் தேயில பெக்டரி மெஷின ஓட வச்சவன்கிட்ட சக்கரம் தொடைக்கிறதப் பத்திக் கேக்குறான் பாரு!"

கத்தாரிலிருந்து வீடியோ கோலில் மகன் பிரதாப் சிரித்தான். மேசைமேல் வட்டமாகப் பூட்டியிருந்த குட்டித் தண்டவாளத்தில், ஒரு சாண் நீளத்தில் நீல எஞ்சின் ஒன்று அசையாமல் நின்றது. ஒன்பது நாளாக அது அழகுமுத்துவின் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

"வெளக்குமாத்தால நாலு போட்டா தன்னால ஓடும்" என்றாள் அவர் மனைவி அம்மாக்கண்ணு. கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கியவள், வாசற்படியில் உட்கார்ந்து விரல்களில் சுற்றியிருந்த பிளாஸ்டரை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள். காம்பு விரலை அறுக்காமலிருக்க அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் சுற்றிக்கொள்வதுதான். "சோத்துத் தட்டு வைக்க மேசையில எடமில்ல. அதத் தூக்கி எறிங்களேன்."

"நீ சும்மா இரு."

பிரதாப் வெளிநாடு போய் நாலு வருடம். தோட்டத்துத் துரையிடம் கெஞ்சிக் கூத்தாடி அழகுமுத்து வாங்கி வைத்த பெக்டரி வேலையை வேண்டாமென்று போனவன். "இனிமே அவனுக்கும் எனக்கும் பேச்சு இல்ல" என்று அன்றைக்குச் சொன்னார். சொன்னபடியே இருந்தும் காட்டினார். மகன் கோல் எடுத்தால் அம்மாக்கண்ணுதான் பேசுவாள். அவர் உள்ளறையில் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு, மகன் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவ்வளவு ஆசை இருந்தும் எழுந்து வந்து போனை வாங்க மாட்டார். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

பத்து நாளைக்கு முன்னால், லீவில் வந்த கூட்டாளி துஷாந்த் கையில் பிரதாப் இந்தக் கோச்சியை, இந்தப் பொம்மை ரயிலைக் கொடுத்து அனுப்பியிருந்தான். சின்ன வயதில் அவனைத் தோளில் தூக்கிப்போய், கொட்டகலை ஸ்டேஷனில் பதுளைக் கோச்சி காட்டியவர் அழகுமுத்துதான். முதல் நாள் அது அருமையாக ஓடியது. ஒரு மணி நேரம் வைத்த கண் வாங்காமல் பார்த்தார். மகனுக்கு ஒரு வார்த்தை? ம்ஹூம், சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் ஸ்விட்சைப் போட்டால் எஞ்சின் நகரவில்லை. அன்று மாலைதான் அம்மாக்கண்ணுவின் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "என்னத்தடா வாங்கி அனுப்பியிருக்க?" என்று கேட்டார். நாலு வருடத்தில் மகனோடு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கோல் வந்தது. எஞ்சினில் தொடங்கும் பேச்சு, "சாப்பிட்டியாடா", "ஏன் இப்படி மெலிஞ்சு கெடக்க" என்று எங்கெங்கோ போகும். 'எப்ப வருவ?' என்ற கேள்வி மட்டும் தினமும் தொண்டை வரை வந்து நின்றுவிடும்.

"சரிப்பா, ரெண்டு வயரையும் நேரா மோட்டர்ல வச்சுப் பாருங்க."

வைத்தார். சக்கரங்கள் விர்ரென்று சுற்றின.

"சுத்துதுடா!"

"அப்ப மோட்டர் நல்லாத்தான் இருக்கு. சக்கரத்துலருந்து மோட்டருக்குக் கரண்ட் போற எடத்துலதான் கோளாறு. எஞ்சினக் கவுத்துப் போடுங்க. சக்கரத்துக்குப் பின்னால மெல்லிசா ஒரு செம்புத் தகடு ஒட்டினாப்புல இருக்கும். அங்க ஏதாச்சும் அடச்சிருக்கா பாருங்க."

அம்மாக்கண்ணு சட்டென்று எழுந்தாள். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் பாருங்களேன். இப்ப என்ன அவசரம்?"

"இரு புள்ள, கண்டுபுடிக்கிற நேரத்துல!"

போனை மேசையில் மல்லாத்தி வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டி, டோர்ச் அடித்துப் பார்த்தார். தகட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நகக்கண் அளவுக்கு என்னவோ ஒட்டியிருந்தது. ஊசியால் நெம்பி எடுத்தார். எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்ததும், அது அழகாக நகர ஆரம்பித்தது.

டோர்ச் வெளிச்சத்தில் விரல் நுனியைப் பார்த்தார். ஒரு துண்டு பிளாஸ்டர். ஓரமெல்லாம் தேயிலைக் கறை.

வாசல் பக்கம் திரும்பினார். அம்மாக்கண்ணு கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். நியாயமாக அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கண்தான் கலங்கியது.

"அப்பா, என்ன சத்தம்? ஓடுதா?"

வட்டத்தை முக்கால்வாசி சுற்றி வந்த எஞ்சினைக் கையால் பிடித்து நிறுத்தினார். ஸ்விட்சை அணைத்தார். போனை எடுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார்.

"இல்லடா தம்பி, ஓடல. போன்ல சொல்லிச் சொல்லி இது சரிவராது. நீயே நேர்ல வந்துதான் பாக்கணும். எப்படா வருவ?"

பிரதாப்பின் குரல் கரகரத்தது. "தைப்பொங்கலுக்கு லீவு கேக்குறேம்ப்பா."

அழகுமுத்து போனைக் கையால் பொத்திக்கொண்டு, மனைவி பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"புள்ள, புதுசா ஒரு பிளாஸ்டர் கொண்டா. இதுல பச போயிருச்சு, பொங்கல் வரைக்கும் தாங்காது."