நாற்பது வினாடிக்குள்

விருதுநகர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை வெயில் சோதனைக் குழாய்க்குள் இறங்கி மினுங்குகிறது. உள்ளே இருப்பது சித்திகாவின் ரத்தத்திலிருந்து பிரித்த மஞ்சள் நீர். இரண்டு முறை கரு கலைந்ததற்கு, சொந்த உடம்பையே பகைக்கும் எதிர்ப்பொருள்தான் காரணமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். நாற்பது வினாடிக்குள் உறைந்தால் பயமில்லை. மூன்று மாதத்துக்கு முன் பார்த்தபோது அறுபது வினாடி ஆனது. டெக்னீஷியன் கற்பகவல்லி உறையவைக்கும் மருந்தை அதில் விட்டு, ஒரு கையில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு, மறு கையால் குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறாள். கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் சித்திகாவும் அவள் கணவர் ஜெய்லானியும். அவர் சிவகாசிப் பட்டாசு வியாபாரி. சொன்ன எண்ணுக்கு எதையும் ஒப்புக்கொண்டு பழகாதவர். “ஏம்மா, கூடக் கொறைய நாப்பத்திரண்டுன்னு முடிச்சுக்கிடலாமா?” “இங்கன பேரம் கிடையாது பாய்.” “செத்த சும்மா இருங்க மச்சான்,” என்று சித்திகா அவர் சட்டைக் கையைப் பற்றுகிறாள். முப்பது. முப்பத்தைந்து. சாய்த்த குழாயில் நீர் ஓடாமல் பாகாய்த் திரண்டு நிற்கிறது. “முப்பத்தெட்டு!” என்கிறாள் கற்பகவல்லி. சித்திகா முக்காட்டுக்குள் அழுதுகொண்டே சிரிக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்ட ஜெய்லானிக்கு ஒரே ஒரு குறை: “அடடா, முப்பத்தஞ்சுன்னு கேட்டிருந்தா அதுக்கே படிஞ்சிருக்கும்!”