நயினார் கடை ஓட்டு

ஒரு ஊரிலே ஒரு ராஜா என்றால் கதை சுருக்கமாய் முடிந்துவிடும். பம்பாய்த் தாராவியில் ஒரு சந்துக்கு, எலெக்ஷன் வந்தால் ரெண்டு ராஜா.

ஒருத்தர் பிரம்மநாயகம். ஏற்கெனவே முனிசிபாலிட்டி கார்ப்பரேட்டர். இன்னொருத்தர் ஜெயினுலாப்தீன் பாய். தோல் மண்டிக்காரர், இந்தத் தடவை அவரை எதிர்த்து நிற்கிறார்.

சந்தில் எல்லாம் இருந்தது. தண்ணீர்க் குழாய்தான் இல்லை.

பெண்கள் குடத்தோடு தண்டவாளத்தைத் தாண்டிப் போக வேண்டும். முருகம்மாளுக்கு முழங்கால் வாதம். அவள் வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பது ஏழு மாதக் கர்ப்பிணி மருமகள் கனகவள்ளி. ரயில் ஊதும்போதெல்லாம் முருகம்மாள் காலை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, மருமகள் வருகிறாளா என்று எட்டிப் பார்ப்பாள்.

சந்து முனையில் நயினாரின் மளிகைக் கடை. கடைப் பரணில் திருநெல்வேலிப் பையன்கள் ஒரு கூட்டமே தங்கி வேலைக்குப் போய்வந்தது. ரெண்டு ராஜாவுக்கும் அந்தப் பரண் ஓட்டு மேல்தான் கண்.

முதலில் பிரம்மநாயகம் வந்தார்.

"என்னவே நயினார், நம்மளை மறந்துராதீரும்."

"மறப்பனா அண்ணாச்சி? நானும் பையங்களும் ஒரே கட்டுல்லா. தண்ணிக்குத்தான் சடைச்சுக்கிடுதானுவ. குழா வரட்டும், பொறவு பேசுவோம்ங்கானுவ."

"ஜெயிச்சதும் முத வேலை குழாதான்."

"போன எலெக்ஷனுக்கும் இதைத்தானே சொன்னாருன்னு ஜெயினுலாப்தீன் பாய் சிரிக்காரு அண்ணாச்சி."

பிரம்மநாயகத்துக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த வாரமே முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து சந்தைத் தோண்டினார்கள். கடைக்கு எதிரே குழாய் முளைத்தது.

அன்று சாயங்காலமே பாய் வந்தார்.

"என்னவே, அவருக்கு வாக்குக் குடுத்துட்டீராமே?"

"யாரு பாய் சொன்னா? குழா வந்துட்டு, சரிதான். கீழே ஒரே சகதில்லா! பொம்பளையள் குடத்தோட வழுக்கி விழுதாவ. கல்லு பாவுதவருதான் மனுசன்னு பையங்க சொல்லுதானுவ."

மறுநாள் கைவண்டியில் கருங்கல் வந்து இறங்கியது. பின்னாலேயே சிமெண்டு வந்தது.

பிரம்மநாயகம் குழாய்க்குத் தேங்காய் உடைத்தார். பாய் கல்லுக்குச் சர்க்கரை வழங்கினார். கனகவள்ளி அன்றைக்குக் கல்லில் உட்கார்ந்தபடியே குடத்தை நிரப்பினாள்.

ஆனால் முருகம்மாளுக்கு மட்டும் பொறுக்கவில்லை. நேரே கடை வாசலில் போய் நின்றாள்.

"உமக்கு ஒரு நாக்கா, ரெண்டு நாக்கா கொழுந்தனாரே? காலைல அவரைக் கும்பிடுதீரு, சாயந்தரம் இவரைக் கும்பிடுதீரு. யாராவது ஒருத்தருக்கு உண்மையா இரும்."

"புளி வேணுமா மைனி?"

"உம்ம கடைப் புளியை இனி தொட்டா ஏன்னு கேளும்."

சொன்னதோடு நிற்கவில்லை. வாதம் பிடித்த காலை இழுத்துக்கொண்டு பக்கத்துப் பேட்டையான மாட்டுங்கா வரை நடந்துபோய்ப் புளி வாங்கிவந்தாள்.

எலெக்ஷன் நாளும் வந்தது. சந்து முனையில் ரெண்டு டாக்ஸிகள் மூக்கோடு மூக்கு உரசி நின்றன. ஒன்றிலிருந்து பிரம்மநாயகம் இறங்கினார். மற்றதிலிருந்து பாய் இறங்கினார்.

"ஏறும்வே நயினார். பையங்களையும் கூப்பிடும்" என்றார் பிரம்மநாயகம்.

"அதுல ஏறாதீரும்! உமக்காகத்தான் வண்டி கொண்டாந்திருக்கேன்."

சந்தே கூடிவிட்டது. முருகம்மாள் குழாயைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். நயினார் ஒருத்தர் வண்டியில் ஏறினால் இன்னொருத்தர் சும்மா இருப்பாரா? குழாய் போகும், இல்லாவிட்டால் கல் போகும்.

நயினார் ரெண்டு பேரையும் பார்த்துக் கும்பிட்டார்.

"அண்ணாச்சி குழா இல்லாம பாய் கல்லு எதுக்கு? பாய் கல்லு இல்லாம அண்ணாச்சி குழாயில எவ நின்னு தண்ணி பிடிப்பா? இதுல நான் யாரைப் பெருசுன்னு சொல்ல? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். நாங்க ஒருத்தருக்குமே போடலை."

"துரோகி!" என்றார் பிரம்மநாயகம்.

"அண்ணாச்சி சொல்லுதது ரொம்பச் சரி" என்றார் பாய்.

அந்த எலெக்ஷனில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

ரெண்டு பேரும் குழாயைப் பார்த்தார்கள். கல்லைப் பார்த்தார்கள். சுற்றி நின்ற சந்து ஜனத்தைப் பார்த்தார்கள். எதில் கை வைத்தாலும் அத்தனை ஓட்டும் அடுத்தவருக்குப் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியில் ஏறினார்கள். ரெண்டு டாக்ஸியும் ஓட்டுக்காரர் ஒருத்தர்கூட இல்லாமலே திரும்பின.

கூட்டம் கலைந்தது. முருகம்மாள் நிறைகுடத்தோடு கடைக்கு வந்தாள்.

"ஏன் கொழுந்தனாரே, குழா குடுத்தவருக்காவது போட்டிருக்கலாம்லா? அப்படி என்ன குறைஞ்சு போவீரு?"

நயினார் தராசைத் துடைத்தபடி குரலைத் தாழ்த்தினார்.

"எங்க போய்ப் போட மைனி? எனக்கும் பையங்களுக்கும் ஓட்டு ஊருலல்லா இருக்கு. இங்க நாங்க பேரே சேர்க்கலை."

முருகம்மாள் அவரையே பார்த்தாள். பிறகு குடத்தை இறக்கி, கடைப் பானையில் தண்ணீரைக் கவிழ்த்தாள்.

"கால் கிலோ புளி கட்டும்."

பொட்டலத்தைக் காலிக் குடத்துக்குள் போட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"இதுக்குப் போயி ரகசியம் பேசுதீரே! இந்தச் சந்துல எவருக்கு ஓட்டு இங்க இருக்கு? எங்க எல்லாருக்கும் ஊருலதான்."

காலை இழுத்து இழுத்து, சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.