பண்ணை இறால்

“இதெல்லாம் ஒரு இறாலா? தூ!”

காத்தான்குடி மீன் வியாபாரி முகைதீன்பாவா கூடைக்குள் கையை விட்டு ஓர் இறாலைத் தூக்கினார். வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடைக்குள்ளேயே எறிந்தார்.

பெரியகல்லாற்று வாவிக்கரையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கூடைக்குப் பின்னால் கதிரையில் இருந்தவர் கனகசிங்கம். சுனாமி வீட்டைக் கொண்டு போனபோதும் ஓயாத வாய் அவருடையது. விலை பேச நின்றால் மறுகரைக்குக் கேட்கும். போர் முடிந்த கையோடு பாரிசவாதம் வந்து வலது பக்கத்தையும் பேச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. இப்போது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். பேச்சுத்தான் திரும்பவில்லை. மகன் வலை வீசுகிறான். மனைவி அன்னப்பூரணி விலை பேசுகிறாள்.

“விருப்பமெண்டா எடுங்க காக்கா, இல்லாட்டி ஆளை விடுங்க,” என்றாள் அவள், அண்ணன் முறை வைத்து.

“உன்னட்டக் கேக்கல்ல புள்ள. வலைக்குச் சொந்தக்காரன் வாயால விலை வந்தாத்தான் இந்தக் கரையில ஏவாரம். மறந்து போச்சா? டேய் கனகு, விலையச் சொல்லு!”

கனகசிங்கத்தின் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. “ம்… ம்…”

“என்னடா ம்? மாடா நீ?”

பக்கத்தில் நண்டு விற்ற அழகரத்தினம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். “கதைக்க ஏலாத மனுசனோட என்ன சேட்டை இது? பிறசர் ஏறித் திரும்ப விழுந்தா நீயா வந்து பாப்பாய்?”

“நீ உன்ட நண்டப் பாருகா. இது எனக்கும் இவனுக்கும் உள்ள ஏவாரம்.”

முகைதீன்பாவா குனிந்து கனகசிங்கத்தின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார்.

“உண்மையச் சொல்லு. இது வாவி இறாலே இல்ல. பண்ணையில வளத்த இறால். அத வாங்கிக் கொண்டு வந்து, வலையில பிடிச்சதெண்டு ஊர ஏமாத்திறாய்!”

கரையே கொதித்தது. வலை வீசிப் பிழைக்கிறவனைப் பார்த்து இதைவிடக் கெட்ட வார்த்தை உண்டா?

“அவன்ட மோட்டார் சைக்கிளத் தூக்கி வாவிக்குள்ள போடுங்கடா!” என்று யாரோ கத்தினார்கள்.

கனகசிங்கம் இடக்கையால் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வலக்கை மெல்ல மேலே வந்தது. தாங்கப் போன அழகரத்தினத்தை அன்னப்பூரணி தடுத்தாள்.

“ப… ப…”

“என்னடா ப? பண்ணைதானே?”

“போ… போடா!”

கத்திக்கொண்டு நின்றவர்கள் கனகசிங்கத்தின் பக்கம் திரும்பினார்கள்.

“போடா கள்… கள்ளா! வா… வாவி இறால்டா! எ… எடுடா கைய!”

விசில் பறந்தது. “கதைச்சிட்டான்! கனகன் கதைச்சிட்டான்!” என்று அழகரத்தினம் குதித்தார். கனகசிங்கத்துக்குத் தன் குரலே அதிசயமாக இருந்தது போலும். சரிபார்ப்பது போல இன்னொரு தரம் சொன்னார்:

“போடா!”

“உன்ட ஏவாரமே வேணாம்!” முகைதீன்பாவா விறுவிறுவென்று நடந்தார்.

“நில்லுங்க! உங்களச் சும்மா விடமாட்டன்!” அன்னப்பூரணி பின்னாலேயே ஓடினாள்.

“விடாத அக்கா! நல்லாக் குடு!” கரை முழுக்க அவள் பக்கம்.

மோட்டார் சைக்கிளடியில் போய் நின்றதும் முகைதீன்பாவா தோளில் கிடந்த துவாயால் கண்ணைத் துடைத்தார்.

“இனி என்னால ஏலாது புள்ள. கூட்டாளிய இப்பிடி ஏச நாக்குக் கூசுது. அவனுக்கு ஒண்டு ஆகிப்போனா?”

“காலையில கிளினிக்கில பிறசர் பாத்திட்டுத்தான் கூட்டி வந்தன், நல்லா இருக்கு.” அவள் குரல் இறங்கியிருந்தது. “நாங்க முந்தி முந்திக் கதைச்சா அவர் கதைக்கவே மாட்டாரெண்டு பேச்சுப் பயிற்சி குடுக்கிற பிள்ளை சொன்னது சரிதான்.”

திரும்பிப் பார்த்தாள். கனகசிங்கம் சுற்றி நின்ற ஒவ்வொருவரையும் பார்த்து, “போடா” சொல்லிக்கொண்டிருந்தார்.

“நாளைக்கும் வாங்க காக்கா. நாளைக்கு என்னை ஏசுங்க. எனக்காகச் சண்டைக்கு வந்தாரெண்டா, என்ட பேரும் அவர்ர வாயில வந்திடும்.”