மொழிபெயர்ப்பாளர் அண்ணனைப் பார்க்கிறார்

போர் முடிந்த அதே வருடத்து டிசம்பர். பிரெஞ்சு பேசும் வெளிநாட்டு ஊரான சென்ட் லோரன்டில், அகதி வழக்குப் பார்க்கும் ஒரு வக்கீலின் அறை. ஜன்னல் முழுக்கப் பனியின் வெள்ளை வெளிச்சம். ஹீட்டர் மெல்ல முனகுகிறது. வன்னி முகாமிலிருந்து தப்பி வந்த யோகராணி, அங்கே தனக்கு நடந்ததை, செய்த அதிகாரியின் பெயரோடு, முதல் தடவையாக வாய்விட்டுச் சொல்லி முடித்திருக்கிறாள். விரல்கள் கையுறையை முறுக்குகின்றன. வெள்ளைக்கார வக்கீல் பேனையோடு காத்திருக்கிறாள். மொழிபெயர்க்க வந்த கோயில் சபைப் பரமலிங்கம், பக்கத்தில் இருக்கும் யோகராணியின் அண்ணனைப் பார்க்கிறார். "என்ன தம்பி, இதையும் சொல்லுறதோ?" "அடிச்சவங்கள் எண்டு மட்டும் சொல்லுங்கோ அண்ணை. என்ர மூத்த மகளுக்குக் கலியாணப் பொருத்தம் பாக்கிறம்." பரமலிங்கம் பிரெஞ்சில் சொல்வது ஒரு மூச்சுக்குள் முடிந்துவிடுகிறது. வக்கீல் எழுதிக்கொண்டு ஏதோ கேட்கிறாள். "வேற ஏதும் இருக்கோ எண்டு கேக்கிறா, தங்கச்சி." "அந்த அதிகாரியின்ர பேரைச் சொன்னனீங்களோ?" என்கிறாள் யோகராணி. "அதைப் பிறகு பாப்பம்." வக்கீலிடம் திரும்பி, "நோன், மதாம்" என்று இல்லையெனத் தலையாட்டுகிறார். வக்கீல் பேனையை மூடிவிட்டு எழுந்து வந்து, யோகராணியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்கிறாள். வக்கீலின் கண் கலங்கியிருக்கிறது. சத்தமாக "மெர்சி" என்று நன்றி சொல்வது அண்ணன்தான்.