நானூறு வீடுகளின் பதில்

"அந்த மலைக்கு டவர் கிடையாது. ஃபைலை மூடுங்க" என்றார் தொலைபேசி நிறுவனத்தின் நிதி மேலாளர்.

இன்ஜினியர் கொதித்துப் போனாள். "நானூறு வீட்டுக்காரங்க சார்! நாலு மணி நேரம் நடந்து வந்து மனு கொடுத்தாங்க. இனி அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

"மனு யார் வேணா கொடுப்பாங்கம்மா. பணம் போடுறவங்க சர்வே கேட்டாங்க, எடுத்தோம். ஒரு வீடுகூட டவர் வேணும்னு சொல்லல."

"வேணாம்னு சொன்னாங்களா?"

"பதிலே சொல்லல. அவ்வளவு திமிர்! அவங்களுக்குப் போய் யாரு கோடிக்கணக்குல கொட்டுவா?"

"யார் சார் அங்க போய்க் கேட்டது?"

"எதுக்குப் போகணும்? மனுவிலேயே நம்பர் இருந்துச்சே. வீட்டுக்கு மூணு தடவை போன் பண்ணோம். அத்தனை பேரும் தொடர்பு எல்லைக்கு வெளியே!"