டிராயரில் பான்சிட்

தலைமை நர்ஸ் நியெவெஸ் மேடத்தின் டிராயரில் பிளாஸ்டர் எடுக்கப்போன ஜுன்ரி, ஒரு பையைக் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“மேடம், இது பான்சிட்தானே?”

வார்டே வாயைப் பிளந்தது.

எங்கள் இலோய்லோ நகரில் பான்சிட் நூடுல்ஸ் இல்லாமல் பிறந்த நாள் கிடையாது. நூடுல்ஸ் நீளத்துக்கு ஆயுளும் நீளும் என்பார்கள். அதையே டூட்டியில் இருக்கும் நர்ஸ் தின்றால் வார்டில் கஷ்டம்தான் நீளும். இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று கேட்டால் நாங்கள் சிரிப்போம். ஆனால் ஒருத்தரும் தொடமாட்டோம்.

மேடம் இதில் படு கறார். போன மாதம் ஜுன்ரியின் பிறந்த நாளுக்கு அவன் அம்மா ஆசையாகச் செய்து அனுப்பிய பான்சிட்டை வாசலோடு திருப்பி அனுப்பியவர். அவர் டிராயரிலேயே பான்சிட்! அதுவும் இன்றைக்கு!

இன்று காலைதான் டியோடோரோ தாத்தா இறந்துபோனார். இதயம் ரொம்பப் பலவீனம். எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று டாக்டர் வீட்டாரிடம் முன்பே சொல்லியிருந்தார்.

ஆனால் ரோடலினுக்கு அது முதல் சாவு. புதுச் சீருடையின் விறைப்புக்கூட இன்னும் போகாத பெண். ‘கொஞ்ச நேரம் பக்கத்துல உட்காரும்மா’ என்று தாத்தா கேட்டிருக்கிறார். அடுத்த படுக்கைக்கு மருந்து கொடுத்துவிட்டு ஓடி வருகிறேன் என்று இவள் போயிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்போதிருந்து போர்வை அடுக்கும் அறையில் உட்கார்ந்து ஒரே அழுகை. பெயர்ப் பட்டையைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள்.

“நீ பக்கத்துலயே இருந்திருந்தாலும் அது நடந்திருக்கும்மா” என்றார் டாக்டர்.

“என்னைக் கூப்பிட்டார் டாக்டர். நான் போயிட்டேனே!”

ஜுன்ரி, மன அழுத்த வகுப்பில் கற்றதை எடுத்துவிட்டான். “மூச்சை நல்லா இழுத்து விடு, சரியாயிடும்.”

இழுத்தாள். விட்டாள். முன்பைவிடச் சத்தமாக அழுதாள்.

“சாயங்காலப் படகுல ஊருக்குப் போறேன் அண்ணே. இந்தக் கையால இனிமே யாரையும் தொடமாட்டேன்” என்றாள் என்னிடம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. குழந்தைக்குக்கூட வலிக்காமல் ஊசி போடுகிற கை அது.

மேடம் மட்டும் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவருகே நின்று பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். என்ன கல் நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்ததும் ஜுன்ரியைப் பிளாஸ்டர் எடுக்க அனுப்பினார். அப்போதுதான் இந்தக் கூத்து.

“ஆமா, பான்சிட்தான்” என்றார் மேடம். “காலையில வர்றப்ப வாங்கினேன். பசிச்சுது, பாதி தின்னேன். அதுக்கு என்ன இப்ப?”

“எங்கம்மா செஞ்சதை மட்டும் திருப்பி அனுப்பினீங்க!”

“உங்கம்மா உப்பை அள்ளிப் போடுவாங்க.”

“காலையிலயா தின்னீங்க?”

குரல் கேட்டுத் திரும்பினோம். அறை வாசலில் ரோடலின் நின்றிருந்தாள்.

“ஆமா.”

“தாத்தா உயிரோட இருக்கிறப்பவா?”

“அவர் எதிர்லதான் உட்கார்ந்து தின்னேன்.”

ரோடலினின் முகம் சிவந்தது. “எப்படி மேடம் மனசு வந்துச்சு? எங்க தீவுல சின்னப் புள்ளைக்குக்கூட இது தெரியும்! நான் காலையிலேருந்து என்னையே திட்டித் திட்டிச் செத்துக்கிட்டிருக்கேன். நீங்க நிம்மதியா நூடுல்ஸ் தின்னிருக்கீங்க!”

“கத்தாதே. நோயாளிங்க படுத்திருக்காங்க.”

“கத்துவேன்! நீங்கதான் எல்லாத்துக்கும் காரணம்!”

நியெவெஸ் மேடத்தை எதிர்த்து டாக்டர்களே பேசமாட்டார்கள். நேற்று வந்த பெண் கத்துகிறாள், மேடம் தலையைக் குனிந்துகொண்டு கேட்கிறார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். சட்டம் எங்களுக்கு மட்டுமா?

“தப்புதான்” என்றார் மேடம். “சரி, ஜன்னலோரப் படுக்கை அம்மாவுக்குக் குளுக்கோஸ் தீரப்போகுது. நானே போய் மாத்தறேன்.”

“நீங்க ஒண்ணையும் தொட வேணாம். நான் பார்த்துக்கறேன்!”

பெயர்ப் பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள் ரோடலின். ஜன்னலோரத்து அம்மாவின் கையைப் பிடித்து நரம்பைத் தடவிப் பார்த்தாள். புதுப் பாட்டிலை மாட்டினாள்.

“பயப்படாதீங்கம்மா, நான் இங்கதான் இருப்பேன்” என்று அவள் சொன்னது எங்களுக்கெல்லாம் கேட்டது.

“மேலிடத்துல சொல்லாம விடக்கூடாது” என்று ஜுன்ரி பல்லைக் கடித்தான்.

மேடம் காதில் வாங்கவே இல்லை. ரோடலின் போன திசையைப் பார்த்தபடி, பையை என்னிடம் நீட்டினார்.

“இதைக் கொண்டுபோய்க் குப்பையில கொட்டிடுப்பா.”

காலையில் வாங்கிய எச்சில் பான்சிட். எனக்குத்தானா இந்த வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே பின்பக்கம் போனேன். பூனைகளுக்காவது ஆகட்டும் என்று பைக்குள் இருந்த பெட்டியைத் திறந்தேன்.

ஒரு வாய்கூடக் குறையாமல் நிறைந்திருந்தது. குபுக்கென்று எழுந்த ஆவி என் மூக்குக்கண்ணாடியை மூடியது.