பாறையடி வெள்ளைக்காரன்

“லைட்டை நூத்து இருட்டாக்கு தம்பி! வெள்ளைக்காரன் கூப்பிடுறான்!” என்று முனாப் நானா பதறினார்.

படகின் முன்பக்கம் நின்ற சின்னப்போடிக்கும் கேட்டது. துறைமுக வாய்க்கு வெளியே, பாறையடிப் பக்கமிருந்து கரகரத்த ஒரு குரல். “ஹெல்ப்... ஹெல்ப்...”

உலக யுத்தத்தில் குண்டு விழுந்து எரிந்த கப்பலிலிருந்து குதித்த ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய், அந்தப் பாறையடியில் கத்திக் கத்தியே செத்தானாம். பொழுதுபட்டால் இன்னும் கூப்பிடுகிறானாம். பதில் குரல் கொடுத்தவன் கரைக்கு வந்ததே இல்லை என்பது கடலுக்குப் போகிற அத்தனை பேருக்கும் தெரியும். அப்படியென்றால் இந்தக் கதையை யார் வந்து சொன்னது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அவர்கள் தேடி வந்தது பேயை அல்ல, சின்னப்போடியின் தங்கை கனகமணியின் புருசன் குஞ்சித்தம்பியை. காலையில் தனியாகத் தோணியெடுத்துத் தூண்டில் போடப் போன மனுசன், மத்தியானம் அடித்த காற்றுக்குப் பிறகு திரும்பவில்லை. வெள்ளைக்காரத் துரை வீட்டில் ஆயாவாக இருந்த கனகமணி, செய்த வேலையைப் போட்டபடி போட்டுவிட்டு இறங்குதுறைக்கு ஓடிவந்து நின்றாள்.

“அழாதை பிள்ளை. மச்சானை நான் கொண்டந்து தாறன்,” என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டுத்தான் சின்னப்போடி புறப்பட்டான்.

மூதூருக்கு ஆள் ஏற்றும் மோட்டார் லோஞ்ச்சை முனாப் நானா கொண்டுவந்தார். துறைமுகத்தில் இன்னும் வெள்ளைக்காரனின் நேவி இருந்த காலம் அது. நேவி யார்ட்டில் கூலி வேலை செய்த சின்னப்போடி, அங்கே கெஞ்சிக் கூத்தாடி ஒரு பெரிய லைட்டை வாங்கி வந்து லோஞ்ச்சின் முன்பக்கத்தில் கட்டினான்.

லைட் என்றால் லைட். கரையோரம், போடக் கூடாத இடத்தில் வலை போட்டிருந்த இரண்டு தோணிகள் அதைக் கண்டதும் விழுந்தடித்துக்கொண்டு ஓடின. “எங்களை நேவிக்காரர் எண்டு நினைச்சிட்டாங்கள்,” என்று முனாப் நானா சிரித்தார். சின்னப்போடியும் கொஞ்சம் சிரித்தான். அப்போது சிரிக்க முடிந்தது.

வழி நெடுக, “குஞ்சித்தம்பி மச்சான்! மச்சான்!” என்று கத்திக்கொண்டே வந்தான். எஞ்சின் போட்ட சத்தத்தில் அது அவன் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. பாறையடிக்கு எதிரே வந்ததும், பதில் ஏதும் வருகிறதா என்று பார்க்க எஞ்சினை நிறுத்தினார்கள். வந்தது இதுதான்.

“ஹெல்ப்...”

அந்தச் சொல் சின்னப்போடிக்குப் புதிதல்ல. யார்ட்டில் பீப்பாயை உருட்டச் சொல்வதற்கும் துரைமார் அதைத்தான் சொல்வார்கள், ஏணியைப் பிடிக்கச் சொல்வதற்கும் அதைத்தான் சொல்வார்கள். அங்கே அது வெறும் கட்டளை. இங்கே அது கெஞ்சியது.

“நானா, பாவமாக் கிடக்கு. ஒருக்காக் குரல் குடுத்துப் பாப்பமே?”

“விசரே உனக்கு? உன்ர மச்சான் எண்டா ‘ஐயோ, காப்பாத்துங்கோ’ எண்டெல்லோ கத்துவான். இது அந்த வெள்ளைக்காரன்தான். நீ வாயைத் திறந்தியெண்டா, உன்ர தங்கச்சிக்கு அண்ணனும் இல்லாமல் போகும்.”

தங்கச்சி என்றதும் சின்னப்போடி அடங்கிவிட்டான். லைட்டை நூர்த்தான். முனாப் நானா கண்ணை மூடி ஓத, அவன் கடல்காரர் வழக்கப்படி ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துத் தண்ணீரில் போட்டான். ஊர்ப் பேய்க்கு வெற்றிலை பாக்கு, வெள்ளைக்காரப் பேய்க்கு சிகரெட்.

லைட் அணைந்ததும் அந்தக் குரல் அலறத் தொடங்கியது. “ஹெல்ப்! ஹெல்ப்! ஹெல்ப்!”

மூச்சு விடாமல் அதே சொல். சின்னப்போடி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பலகையில் குந்திவிட்டான். எஞ்சின் மறுபடி உயிர்பெற்று, லோஞ்ச் திரும்பி, பாறை பின்னால் போகும்வரை கையை எடுக்கவில்லை.

பிறகு கொட்டியாரக்குடாப் பக்கம் லைட்டைப் போட்டுத் தேடினார்கள். எண்ணெய் முடியும்வரை தேடினார்கள். மிதந்து வந்த ஒரு துடுப்புத்தான் கிடைத்தது. குஞ்சித்தம்பியின் துடுப்பு. பிடியில் சுற்றியிருந்த சிவப்புத் துணி கனகமணியின் பழைய சேலைக் கிழிசல்.

கனகமணி இறங்குதுறையில் நின்ற இடத்திலேயே நின்றாள். சின்னப்போடி துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றான். அவள் அதைக் கண்டும் அழவில்லை. அவளது பார்வை முழுக்க லோஞ்ச்சின் முன்பக்கத்திலேயே இருந்தது.

“இந்த நேவி லைட்டைப் போட்டுக்கொண்டே அண்ணை தேடினனீங்கள்?”

“ஓம் பிள்ளை.”

“பாறையடிக்கும் போனனீங்களோ?”

“ஓம்... போனனாங்கள்.”

அவள் முகம் தெளிந்தது. அன்று முழுக்க இல்லாத ஒரு நம்பிக்கை அதில் வந்தது. அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப உங்களை வெள்ளைக்காரர் எண்டு நினைச்சு, அவர் நான் சொல்லிக் குடுத்த மாதிரி இங்கிலீஷில கூப்பிட்டிருப்பாரே... கேக்கேல்லையோ அண்ணை?”